ஆடி மாதத் தவணை

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

ஆடி மாதத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் எவரும் வீட்டு வேலை தொடங்குவதில்லை. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குச் சேலம் நகரமே திரண்டு நிற்கும். பதினெட்டாம் பெருக்குக்குக் காவிரிக் கரை கொள்ளாது. ஆனால் ஒருவர் வீட்டிலும் கடைக்கால் தோண்டமாட்டார்கள். இது மூட வழக்கம் என்று வகுப்பில் நான் பலமுறை வாதாடியிருக்கிறேன். சென்ற ஆண்டு அதே வழக்கத்திற்கு நான் கடன்பட்டுப் போனேன். எங்கள் வீட்டை இடித்துக் கட்ட ஒப்புக்கொண்ட கொத்தனார், “ஆவணி பொறக்கட்டுங்க, அப்பறம் கை வெச்சுக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஒரு மாதத் தவணை கிடைத்தது. அந்த ஒரு மாதத்தில் நான் எதைத் தேடி அலைந்தேன், எது எங்கே கிடைத்தது என்பதை நண்பர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆட்டையாம்பட்டிக்கும் வெண்ணந்தூருக்கும் இடையில் உள்ளது. வீடு என் பாட்டனார் கட்டியது. ஒன்றரை அடிக் கனத்தில் செம்மண் சுவர். மேலே பனங்கை, ரீப்பர், சீமை ஓடு. நடுவில் தறிக்கூடம். என் தந்தையார் அங்கேதான் குழித்தறியில் அமர்ந்து வெண்பட்டு வேட்டி நெய்கிறார். குழித்தறி என்றால் அறியாத நண்பர்களுக்கு ஒரு சொல்: நெசவாளர் தரையோடு தரையாக அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிப்பார். குழியிலிருந்து எழும் மண்ணின் ஈரமும், மண் சுவரின் குளிர்ச்சியும், சாணம் மெழுகிய தரையும் சேர்ந்து பாவு இழைகளைப் பதமாக வைத்திருக்கும். காற்று வறண்டால் இழை அறும். அறுந்த இழையைத் தேடி எடுத்து முடிவதிலேயே பொழுது போய்விடும். அன்றைய கூலியும் அதோடு போய்விடும்.

இவ்வளவு நல்ல வீட்டை ஏன் இடிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். முந்தைய ஐப்பசி மழையில் மேற்குச் சுவர் பாதி சரிந்து விழுந்தது. நல்ல வேளையாக அப்போது அந்தப் பக்கம் யாரும் படுத்திருக்கவில்லை. என் தாயார் அன்றே சொல்லிவிட்டார், இனி இந்த வீட்டில் ஒரு மழைக்காலம் இருக்கமாட்டேன் என்று. மண் வீட்டின் குளிர்ச்சியைப் பற்றி நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, “ஏன் சாமி, அந்தக் குளிர்ச்சிய பத்தி எழுதறவங்க யாராச்சும் ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு ஒழுகற எடத்துக்கெல்லாம் குண்டான் வெச்சிருக்காங்களா? மாசம் ரெண்டு தடவ மெழுகியிருக்காங்களா?” என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. தங்கையைப் பெண் பார்க்க வந்த ஓர் உறவினர் திண்ணையிலேயே நின்று ஓட்டை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனதும் அவர் மனத்தில் இருந்தது. தார்சு வீடு என்பது எங்கள் ஊரில் வெறும் கூரையைக் குறிக்கும் சொல் அன்று. அது ஒரு மதிப்பு.

ஆனால் பக்கத்துத் தெரு மாமாவின் கதையும் எனக்குத் தெரியும். ஐந்தாண்டுகளுக்கு முன் அவர் பழைய வீட்டை இடித்துத் தார்சு போட்டார். புதிய கூடத்தில் தறியையும் இறக்கினார். மாசி பிறந்ததும் காலை பதினொரு மணிக்கு மேல் அந்தக் கூடத்தில் உட்கார முடியவில்லை. மின்விசிறி போட்டால் இழை இன்னும் காய்ந்தது. இரண்டு கோடை பொறுத்துப் பார்த்தார். பிறகு தறியைப் பிரித்து விற்றுவிட்டு, நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறைக்கு வேலைக்குப் போகிறார். வீடு கெட்டியாகத்தான் இருக்கிறது. தொழில்தான் வெளியேறிவிட்டது.

இதை எடுத்துச் சொல்லி, வேறு வழி உண்டா என்று பார்த்து வருகிறேன் எனத் தந்தையாரிடம் கேட்டேன். அவர் நாடாவை நிறுத்தாமலே சொன்னார்: “ரெண்டு கேள்விக்கு பதில் கொண்டா. காசு மிச்சமாகுமா? தறி ஓடுமா? ஆவணி வரைக்கும்தான் உனக்கு டைம்.”

முதலில் ஊராட்சி அலுவலகத்திற்குத்தான் போனேன். “பசுமை வீடு கட்டுவது பற்றி விவரம் வேண்டும்” என்றேன். அங்கிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, “அந்தத் திட்டம் போன ஆட்சியோட முடிஞ்சுது தம்பி” என்றார். அவர் மேல் தவறில்லை. 2011-ஆம் ஆண்டு தொடங்கிய முதலமைச்சரின் சூரிய சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடியில், ரூ.1.80 லட்சம் செலவில், கூரை மேல் சூரியத் தகடும் ஐந்து விளக்குகளுமாக வீடுகள் கட்டித் தந்தார்கள். எங்கள் ஊரில் ‘பசுமை வீடு’ என்றால் இன்றைக்கும் அதுதான். விளக்கு பசுமைதான். ஆனால் சுவரும் கூரையும் மற்றவர் வீட்டைப் போலவேதான்.

கைப்பேசியில் தேடிப் பார்க்கலாமே என்றார்கள் நண்பர்கள். தேடினேன். பசுமைக் கட்டடம் என்று வந்தவை பெரும்பாலும் கண்ணாடி மாளிகைகள். ஐதராபாத்தில் 2004-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்து வைத்த சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம், அமெரிக்க முறைப்படி ‘பிளாட்டினம்’ சான்று பெற்ற கட்டடம். நம் நாட்டுக்கென்று 2007-இல் ‘கிரிகா’ என்ற மதிப்பீட்டு முறை வந்தது. எத்தனை புள்ளிக்கு எத்தனை நட்சத்திரம் என்றெல்லாம் படித்தேன். நல்ல முயற்சிகள்தாம். ஆயினும் அவற்றுள் குழித்தறிக்கு இடம் இருப்பதாகத் தெரியவில்லை.

சோர்ந்து போய்த்தான் நம் கல்லூரி நூலகத்திற்குள் நுழைந்தேன். கலைக் கல்லூரியில் கட்டடக் கலை நூல் ஏது? இருந்தும் நம் துறை விரிவுரையாளர் ஒருவர், “பொருளியல் அலமாரியிலேயே தேடு” என்றார். அங்கே ஜே. சி. குமரப்பாவின் ‘எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்’ கிடைத்தது. நூலட்டை கிழிந்து, பின்னால் ஒட்டிய தேதிச் சீட்டில் பல ஆண்டுகளாக ஒரு முத்திரையும் விழாமல் இருந்தது. தஞ்சாவூரில் 1892-இல் பிறந்து, இலண்டனில் கணக்காயமும் அமெரிக்காவில் பொருளியலும் கற்ற அவர் அந்த நூலைச் சிறையில் இருந்துகொண்டு எழுதினார். தம் கடைசி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் கழித்தார். ‘நீடித்த வளர்ச்சி – வரையறு’ என்ற ஐந்து மதிப்பெண் வினாவுக்கு 1987-ஆம் ஆண்டு புருண்ட்லாந்து அறிக்கை என்று எழுதிவிட்டு எழுந்து வந்தவன் நான். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழர், எடுக்க எடுக்கத் தீர்ந்து போகும் வளம் எது, எடுத்தாலும் புதுப்பித்துக்கொள்ளும் வளம் எது என்று பிரித்துக் காட்டி, பின்னதன் மேல்தான் வாழ்வை அமைக்க வேண்டும் என்று வாதாடியிருக்கிறார். அவர் நம் பாடத்தில் ஒரு பத்தியாவது பெறவேண்டாமா?

அதே விரிவுரையாளர்தாம் லாரி பேக்கரின் பெயரையும் சொன்னார். பேக்கர் 1917-இல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது சீனத்தில் மருத்துவத் தொண்டு செய்து திரும்பும் வழியில், பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். பிறகு இந்தியாவிலேயே தங்கி, இமயமலைச் சிற்றூரான பித்தோராகட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்து, இறுதியில் திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007-இல் அங்கேயே மறைந்தார். வீட்டுக்கு வேண்டிய பொருள்களை ஐந்து மைல் சுற்றளவுக்குள் தேட வேண்டும் என்று காந்தியடிகள் சொன்னது தம்மை விடவே இல்லை என்று அவர் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஐந்து மைல்! அன்று மாலை பேருந்தில் வீடு திரும்பும்போது இதைத்தான் எண்ணிக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டைச் சுற்றி ஐந்து மைலுக்குள் என்ன இருக்கிறது? செம்மண் உண்டு. கருங்கல் உண்டு. ஓடைக்கரையில் சுக்கான்கல் கிடைக்கும். அதைச் சுட்டுத்தான் அந்தக் காலத்தில் சுண்ணாம்பு எடுத்தார்கள். பனை உண்டு, குறைந்துவிட்டது. சிமென்டுக்குச் சங்ககிரி போக வேண்டும், இருபது மைல். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் சாம்பல் நாற்பது மைலுக்கு அப்பால். இரும்புக்கம்பி எங்கிருந்து வருகிறதோ! காவிரி மணல் மோகனூர்ப் பக்கம் ஒரு காலத்தில் வண்டி வண்டியாக வந்தது. இப்போது கருங்கல்லை அரைத்த ‘எம்-சாண்ட்’ தான்.

சிமென்டை ஏன் குறை சொல்கிறார்கள் என்று வேதியியல் துறை நண்பனைக் கேட்டேன். சுண்ணாம்புக் கல்லை 1,450 பாகை வரை சூடேற்றினால்தான் சிமென்டுக்கான கட்டி உருவாகும். எரிக்கும் நிலக்கரியிலிருந்து மட்டுமல்லாமல் அந்தக் கல்லுக்குள் இருந்தே கரியமில வாயு வெளியேறும். உலகம் முழுவதும் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 அல்லது 8 விழுக்காடு சிமென்டினால் வருவது என்று விளக்கினான். சங்ககிரி வழியாகப் போகும்போதெல்லாம் நான் பார்த்த புகை எனக்கு அன்றுதான் கணக்காகத் தெரிந்தது.

பேக்கரின் சிறு நூல்களை விரிவுரையாளர் தம் நண்பரான ஒரு பொறியாளரிடமிருந்து வாங்கித் தந்தார், எல்லாம் ஜெராக்ஸ் படிகள். ஆங்கிலத்தில் உள்ளவைதான். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் பேக்கர் தம் கையாலேயே எழுதி, தம் கையாலேயே படம் போட்டிருக்கிறார். ‘மட்’ என்று மண்ணைப் பற்றி ஒன்று. செலவைக் குறைப்பது எப்படி என்று ஒன்று. இடப்பக்கம் நாம் வழக்கமாகச் செய்வது, வலப்பக்கம் அதையே சிக்கனமாகச் செய்வது, பார்த்தாலே விளங்கும். அவற்றில் இரண்டு படங்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. ஒன்று, எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, உள்ளும் புறமும் ஒவ்வொன்றாக வைத்து, நடுவில் மூன்று அங்குல வெற்றிடம் விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவர் அப்படியே வரும். கல்லில் நான்கில் ஒரு பங்கு மிச்சம். நடுவில் நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கும். மற்றொன்று கூரை. காங்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் கம்பிதான் இழுவையைத் தாங்குகிறது. கம்பிக்குக் கம்பி இடையில் உள்ள காங்கிரீட் அங்கே சும்மாதான் இருக்கிறது. அந்த இடத்தில் பழைய ஓட்டை வைத்து நிரப்பினால் சிமென்டும் குறையும், சூடும் குறையும். “இடிச்சா இத்தன ஓட்டையும் என்ன பண்ணறது?” என்று தாயார் புலம்பிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டேன்.

ஆனால் மண்? மண்ணைப் பற்றி நேரில் பார்க்க வேண்டுமென்று நானும் வகுப்பு நண்பன் ஒருவனும் ஆத்தூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம் வழியாகப் பேருந்து மாறி மாறி ஆரோவில்லுக்குப் போனோம். அங்குள்ள மண் கட்டடக் கழகம் 1989-இல் தொடங்கப்பட்டது. செம்மண்ணைச் சலித்து, நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமென்ட் கலந்து, ‘ஆரம்’ என்ற கைப்பொறியில் வைத்து நெம்புகோலை இழுத்தால் ஒரு கட்டி வெளியே வருகிறது. சூளை இல்லை, விறகு இல்லை. நனைத்து நான்கு வாரம் பதப்படுத்தினால் போதும். அக்கட்டிகளால் எழுப்பிய பார்வையாளர் மையத்தின் வளைவுகளுக்கு அடியில் நின்றபோது, மண் வீடு என்றால் ஏழை வீடு என்று எண்ணிய எங்களுக்கே வெட்கமாக இருந்தது. ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அந்தப் பொறியை வாங்க எங்கள் வீட்டால் முடியாது. ஓர் ஊராட்சி வாங்கலாம்; பத்து வீடு சேர்ந்து வாங்கலாம். ஒரு நெசவாளி வாங்க முடியாது.

ஓர் ஊராட்சி அப்படிச் செய்தும் காட்டியிருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996-இல் ஊராட்சித் தலைவரான இளங்கோ ரங்கசாமி வேதிப் பொறியியல் படித்தவர். அவ்வூரின் சமத்துவபுரத்தில் தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகளை, உள்ளூர் மண்ணை அழுத்தி எடுத்த கட்டிகளால், உள்ளூர் மக்களையே கொண்டு கட்டினார்கள். பொருளியல் மாணவனாக இது என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு லட்சம் செலவழித்தால் அதில் எத்தனை ரூபாய் ஊருக்குள்ளேயே தங்குகிறது, எத்தனை ரூபாய் லாரி ஏறிப் போய்விடுகிறது? சிமென்ட், கம்பி வீட்டில் பணம் பெரும்பாலும் லாரி ஏறுகிறது. மண் வீட்டில் அது கூலியாகி மளிகைக் கடைக்கும் தறிக்கும் திரும்பி வருகிறது. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் கடன் வாங்கிச் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை நிறுவி, ஊருக்கு வேண்டியது போக மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றதும் இதே கணக்கில்தான் அடங்கும்.

இதற்கு மாறான கதையும் படித்தேன். எகிப்தில் அசன் பாத்தி என்ற கட்டடக் கலைஞர் 1940-களில் லக்சர் அருகே புதிய குர்னா என்று முழுக்க மண்ணாலேயே ஓர் ஊரைக் கட்டினார். மரமே இல்லாமல் மண் கட்டியால் வளைகூரை எழுப்பும் கலையை நூபியக் கொத்தர்களிடமிருந்து கற்றார். ஊர் அழகாக அமைந்தது. ஆனால் யாருக்காகக் கட்டினாரோ அவர்கள் அங்கே குடிவர மறுத்தார்கள். பழங்காலக் கல்லறைகளின் மேலிருந்த தம் ஊரையும் அதனால் வந்த பிழைப்பையும் விட அவர்களுக்கு மனமில்லை. என் தாயாரைக் கேட்காமலே அவருக்கு வீடு வரைந்துகொண்டிருந்த எனக்கு இது நல்ல அடி.

இனி, இத்தனை அலைச்சலிலும் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய செய்தி எங்கள் தெருக் கோடியிலேயே இருந்ததைச் சொல்ல வேண்டும். என் பாட்டனாரோடு சேர்ந்து எங்கள் வீட்டுச் சுவரை எழுப்பிய பெரியவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். எண்பது வயதுக்கு மேல். கண் மங்கல். ஆரோவில்லிலிருந்து வந்த மறுநாள் அவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தேன். விழுந்த சுவரின் மண்ணை ஒரு பிடி எடுத்து, எச்சில் தொட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் கயிறு போல் உருட்டினார். விரல் நீளம் வந்தும் அது அறுந்து விழவில்லை. “மண்ணு நல்ல மண்ணுதான்” என்றார். பிறகு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வைக்கச் சொன்னார். மறுநாள் காலையில் அடியில் பருமணல், மேலே பொடிமணல், அதற்கும் மேல் களி என்று வரிவரியாகப் படிந்திருந்தது. நான் ஐந்து மணி நேரம் பேருந்தில் போய்க் கேட்டு வந்த அதே சோதனை! எழுத்தறியாத அவர் அதை எங்கே கற்றார் என்று கேட்டேன். “எங்கப்பன் குலுக்குனான், நானும் குலுக்குனேன்.”

“அப்படியானால் சுவர் ஏன் தாத்தா விழுந்தது?” என்றேன்.

அவர் எஞ்சியிருந்த சுவரின் வெளிப்புறத்தைத் தடவிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் நின்று விரலால் தட்டினார். டொப் டொப் என்று பொள்ளல் ஓசை. “இது யாரு சிமிட்டி பூசுனது?”

தந்தையார் தறியிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன், சாரல் அடிக்கும் மேற்குச் சுவர் வலுவாக இருக்கட்டும் என்று கடன் வாங்கிப் பூசியவர் அவர்தாம்.

“மண்ணு மூச்சு உடும்ப்பா” என்றார் பெரியவர். “உள்ள எறங்குன ஈரம் வெளிய போகோணும். நீ சிமிட்டிய பூசி வாய அடச்சுப்புட்ட. தண்ணி உள்ளயே நின்னு செவுத்த ஊற வெச்சிருச்சு. சுண்ணாம்பு பூசியிருந்தா இது என்னைய தூக்கிப் போட்டப்பறமும் நிக்கும்.”

தந்தையார் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் மறுபடியும் தறியில் உட்கார்ந்தார். ஆனால் வெகு நேரம் நாடாச் சத்தம் கேட்கவில்லை. அன்றிரவு பேக்கரின் ‘மட்’ நூலிலும், மண் சுவருக்குக் கீழே ஈரம் ஏறாத அடித்தளமும் மேலே இறங்கிய தாழ்வாரமும் வேண்டும் என்ற படத்தைத் தந்தையாருக்குக் காட்டினேன். எங்கள் பாட்டனார் விட்டிருந்த தாழ்வாரத்தை அகலம் குறைத்ததும் நாங்கள்தாம்; இரு சக்கர வண்டி நிறுத்த இடம் வேண்டியிருந்தது.

கடனுக்காக ஒரு வங்கிக்குப் போனபோது வேறொரு பாடம் கிடைத்தது. படிவத்தில் ‘சுவர்’ என்பதற்கு எதிரே செங்கல், கல் என்று இரண்டே கட்டங்கள். அழுத்திய மண் கட்டிக்கு ஐ.எஸ். 1725 என்று இந்தியத் தர நிர்ணயம் உண்டே, 1982-லேயே அதைத் திருத்தி வெளியிட்டார்களே என்றேன். மேலாளர் பொறுமையாகக் கேட்டார். பின்பு, “நீங்க சொல்றது சரியா இருக்கலாம் தம்பி. ஆனா எங்க படிவத்துல எடமில்லையே” என்றார். தர எண் டெல்லியில் இருக்கிறது; படிவம் இங்கே இருக்கிறது.

ஆவணி பிறந்தது. கொத்தனார் வந்தார். திண்ணையில் எல்லாரும் உட்கார்ந்தோம். இம்முறை தாயாரையே முதலில் பேசச் சொன்னேன். அவருக்கு வேண்டியவை மூன்று: ஒழுகாத சமையலறை, வீட்டை ஒட்டியே குளியலறை, பெண் பார்க்க வருபவர் உட்காரத் தளம் போட்ட ஒரு முன்னறை. தறிக்கூடத்தைப் பற்றி அவருக்குப் பிடிவாதம் ஒன்றும் இல்லை. எனவே முன்கட்டை மட்டும் இடித்துப் புதிதாகக் கட்டுவது, தறிக்கூடத்தை அப்படியே காப்பாற்றுவது என்று முடிவாயிற்று. புதிய சுவருக்கு மேட்டூர்ச் சாம்பல் கல். நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கு சாம்பலாகத் தங்கி மலைபோல் குவிகிறது. அதனோடு சுண்ணாம்பும் ஜிப்சமும் கல்தூளும் கலந்து, சூளையில் சுடாமலே அழுத்தி எடுக்கிறார்கள். ஐந்து மைல் கணக்குக்கு அது ஒத்து வராதுதான். வங்கிப் படிவத்துக்கு ஒத்து வந்தது.

எலிப்பொறிக் கட்டைக் கொத்தனார் அதுவரை கண்டதில்லை. ஜெராக்ஸ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் நாள் நான்கு வரி எழுப்பிவிட்டு மதியம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பார்த்தால், நடுவிலிருந்த பொந்தையெல்லாம் கலவை போட்டுக் கெட்டியாக அடைத்திருந்தார்! “பொத்தலா இருந்தா செவுரு நிக்குமா தம்பி? ஒங்கப்பாவுக்காகத்தான் சேத்துப் போட்டேன்” என்றார். நல்லெண்ணத்தில் செய்தது. மிச்சமாக வேண்டிய சிமென்ட் எல்லாம் அந்தப் பொந்துக்குள் போயிற்று. பிரித்து, கல்லைச் சுத்தம் செய்து, மறுபடி கட்ட இரண்டு நாள் கூலி. கூரைக்குக் கம்பி கட்டும்போது விரிவுரையாளரின் நண்பரான பொறியாளர் நேரில் வந்து இடைவெளியை அளந்து பார்த்த பிறகே, எங்கள் பழைய ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்துக் காங்கிரீட் போட்டோம். உடைந்த ஓடுகளைத் தாயாரே பொறுக்கி ஒதுக்கினார்.

தறிக்கூடத்து மேற்குச் சுவரை, விழுந்த மண்ணையே குழைத்துப் பெரியவர் சொல்லச் சொல்ல எழுப்பினோம். அடியில் ஒன்றரை அடிக்குக் கருங்கல். ஒரு முழ உயரம் வைத்தால் அது காயும் வரை பொறுக்க வேண்டும். கொத்தனாருக்கு அந்தப் பொறுமை இல்லை. நானும் தந்தையாரும் நண்பனும்தான் வைத்தோம். என் கையெழுத்து அந்த மாதம் முழுவதும் கோணலாக இருந்ததற்கு அதுவே காரணம். உள் தேர்வுத் தாள் திருத்திய ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும். மேலே கடுக்காய் ஊறிய நீர் விட்டு அரைத்த சுண்ணாம்புப் பூச்சு. தைப்பொங்கலுக்குப் பால் காய்ச்சினோம். பெரியவர் வந்து சுவரில் கை வைத்துப் பார்த்தார். நன்றாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

தந்தையாரின் இரு கேள்விகளுக்கும் நான் பதில் சொல்லியாக வேண்டும். காசு மிச்சமாயிற்றா? கல்லிலும் சிமென்டிலும் மிச்சமானதில் பாதிக்கு மேல் கூலியில் போய்விட்டது. சாதாரணத் தார்சு வீட்டைவிடச் சற்றே குறைவு, அவ்வளவுதான். கொத்தனார் ஒருவர் புதிதாய்க் கற்றுக்கொண்டதற்கான கட்டணத்தை எங்கள் வீடு செலுத்தியது என்று கணக்கில் எழுதிக்கொண்டேன். தறி ஓடுகிறதா? பங்குனி வெயிலில் ஒரு நாள் இயற்பியல் துறையிலிருந்து வெப்பமானி ஒன்றைக் கேட்டு வாங்கிச் சென்றேன். பிற்பகல் மூன்று மணிக்கு மாமா வீட்டுக் கூடத்தில் 37 பாகை. எங்கள் புதிய முன்னறையில் 34. தறிக்கூடத்தில் 32. எண்ணைச் சொன்னதும் தந்தையார் சிரித்தார். “அந்தக் குழாய பாத்துத்தான் தெரியோணுமா? காத்தாலருந்து எனக்கு எழ அறுகல.”

சேர்த்த தாள்களையெல்லாம் ஒரு கோப்பில் தைத்து நம் துறை நூலகத்தில் வைத்திருக்கிறேன். குமரப்பாவின் நூலுக்குப் பக்கத்தில். அதில் எலிப்பொறிக் கட்டுப் படம் மட்டும் இல்லை. சென்ற வாரம் கொத்தனார் வீட்டுக்கு வந்து, “தம்பி, குமாரபாளையத்துல ஒரு வேல வந்திருக்கு, அந்தப் படத்த குடு” என்றார். ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன் என்றேன். அதுவரை பொறுக்க அவருக்கு நேரமில்லை. தாளை நான்காய் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார்.